பெட்டைக் குதிரைகளின் பந்தயமும் ஒரு துண்டுச் சீட்டும்

கடந்த ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. புல்மோட்டையில் எங்கள் மாதர் குழுவின் வாராந்தக் கூட்டம் முடிந்து கணக்குக் கொப்பியை மூடிக்கொண்டிருந்தேன். குழு உறுப்பினர்களில் ஒருவர் மற்றவர்கள் வெளியேறும்வரை காத்திருந்தார். பிறகு சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு சிறு காகிதத்தை எடுத்து என் கையில் தந்தார். உடுப்புத் தோய்க்கும்போது கணவருடைய சேட்டுப் பையில் கிடந்ததாம்.

“மகள்தான் எழுத்துக்கூட்டி வாசிச்சவள் மிஸ். ஓக்ஸ் எண்டு கிடக்குதாம். கீழயும் ஏதோ பேருகள் இருக்காம். அது ஆரும் பொம்பிளையின்ர பேரோ?”

இதைக் கேட்க அவர் ஒரு கிழமை தயங்கியிருக்கிறார். முதலாவது கணவரை யுத்தத்தில் இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மறுமணம் செய்தவர். எங்கள் சுழற்சிக் கடனில் ஐம்பதாயிரம் ரூபா எடுத்து, உப்பும் மீனும் வாங்கிக் கருவாட்டுத் தொழில் தொடங்கியிருந்தார். அந்தப் பணத்தில் பதினெட்டாயிரம் குறைகிறது என்பதும் அன்றுதான் தெரியவந்தது. வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது என்றே அவர் நினைத்திருந்தார்.

துண்டைப் பார்த்தேன். அது ஒரு பந்தயச் சீட்டு. ஓக்ஸ் என்பது பெண்ணின் பெயரல்ல, ஒரு குதிரைப் பந்தயத்தின் பெயர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அன்று அவருக்கு அதைத்தான் சொன்னேன். “அப்ப பொம்பிளை இல்லையோ?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, “குதிரையோ!” என்று சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் அழுதார்.

அடுத்த கூட்டத்தில் இதைப்பற்றிப் பேசலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். சம்மதித்தார். அதற்காகத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். அவருடைய சம்மதம் இந்தக் கட்டுரைக்கும் உண்டு.

எமது நாட்டில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 1893 முதல் நடந்துவந்த குதிரைப் பந்தயம் 1956இல் நின்றுபோனது. நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டங்களோடு பந்தயம் நடைபெற்று வருகிறது. ஆனால் பந்தயம் கட்டுவது நிற்கவேயில்லை. நகரங்களிலுள்ள புக்கிக் கடைகளில், இங்கிலாந்திலே ஓடுகின்ற குதிரைகளுக்கு இங்கே பணம் கட்டுகிறார்கள். 1988ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசாங்கம் இந்தத் தொழிலிடமிருந்து அறவீடும் பெற்று வருகிறது. ஆகவே இது ஒளித்துச் செய்கின்ற காரியமல்ல. எங்கள் சகோதரியின் கணவர் மீன் விற்றுவிட்டு, குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திரும்பும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நகரத்திலே ஏறியது அப்படியான ஒரு கடைப்படியில்தான். குதிரையை நேரில் கண்டிராத ஒரு மனிதர், கடல் கடந்து ஓடுகின்ற, தனக்குப் பெயர் உச்சரிக்கத் தெரியாத ஒரு குதிரைக்கு, மனைவியின் கருவாட்டுக் காசைக் கட்டியிருக்கிறார்.

சரி, ஓக்ஸ் என்றால் என்ன? இங்கிலாந்தில் எப்சம் என்ற இடத்தில் 1779இல் தொடங்கிய பந்தயம் இது. டேர்பிப் பிரபுக்கள் பரம்பரையின் பன்னிரண்டாமவர் அந்த ஊருக்கு அண்மையில் வைத்திருந்த வீட்டின் பெயர் ‘ஓக்ஸ்’. அதையே பந்தயத்துக்கும் வைத்தார்கள். முதலாம் ஆண்டு வென்ற பிரிட்ஜெற் என்ற குதிரையும் அவருடையதே. இதில் மூன்று வயதுப் பெட்டைக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். உலகமெல்லாம் பெயர் தெரிந்த டேர்பிப் பந்தயம் அதற்கு அடுத்த ஆண்டு, 1780இல்தான் வந்தது. பெண் பந்தயம் மூத்தது, டேர்பி இளையது. ஆனால் பெயரும் பணமும் இளையதற்கே அதிகம் சேர்ந்தன. எங்கள் வீடுகளில் அக்காவுக்கும் தம்பிக்கும் நடப்பதை அறிந்த வாசகிகளுக்கு இது புதினமாக இராது.

அதே எப்சம் மைதானத்தில்தான் 1913 ஜூன் 4ஆம் திகதி, பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய எமிலி டேவிசன், டேர்பி நடந்துகொண்டிருக்கும்போது ஓடுபாதையில் இறங்கி, மன்னரின் குதிரை மோதி, நான்கு நாட்களில் உயிரிழந்தார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இந்தச் சம்பவத்தை நான் பரீட்சைக்காக மனனம் செய்திருக்கிறேன். அது பெட்டைக் குதிரைகளுக்கென்று தனிப் பந்தயம் நடக்கும் அதே மைதானம் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று வயது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. வட பூகோளப் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி முதலாம் திகதியே பிறந்தநாளாகக் கணக்கிடப்படுகிறது. எனவே ஒரு குதிரைக்கு மூன்று வயது ஓராண்டு மட்டுமே. அந்த ஆண்டில் தவறினால் தவறியதுதான், மறுபடி தோற்ற முடியாத பரீட்சை. மூன்று வயதுக் குதிரைகளின் இப்படியான பெரும் பந்தயங்களையே ‘கிளாசிக்’ என்கிறார்கள். இந்தியாவிலும் இவை உள்ளன. மும்பாய் மகாலக்ஷ்மி மைதானத்தில் 1600 மீற்றர் தூரத்துக்கு ‘இந்தியன் 1000 கினி’, 2400 மீற்றருக்கு ‘இந்தியன் ஓக்ஸ்’. சென்னை கிண்டி மைதானத்திலும் ‘தென்னிந்திய ஓக்ஸ்’ என்று ஒன்று நடந்து வந்தது. தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1996இல் ‘இது திறமை சார்ந்த விளையாட்டு’ என்று தீர்ப்பு வந்தது. குதிரையினதும் ஜொக்கியினதும் திறமை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். கடைப்படியில் நின்று சீட்டு வாங்கியவரின் திறமை எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. குத்தகைப் பாக்கி காரணமாக 2024 செப்டெம்பரில் தமிழ்நாடு அரசு கிண்டி மைதானத்துக்கு முத்திரை வைத்தது.

பெட்டைக் குதிரைகளுக்கு மட்டும் ஏன் தனிப் பந்தயம்? ‘பெண் பலவீனமானவள், பாதுகாக்க வேண்டும்’ என்ற பழைய காரணம்தானோ என்று முதலில் நினைத்தேன். உண்மையான காரணம் வேறு. நல்ல தாய்க் குதிரைகளைத் தெரிவு செய்வதற்காகவே இந்தப் பந்தயங்கள் ஏற்பட்டன. ஓக்ஸ் வென்ற பெட்டையின் பெறுமதி அவள் ஓடிய ஓட்டத்தோடு முடிவதில்லை. பதினொரு மாதம் சுமந்து அவள் ஈனப்போகும் குட்டிகளின் விலை அதில் அடங்கியிருக்கிறது. ஓட்டத்திலே பரீட்சை, வயிற்றிலே விலை. கலியாணப் பேச்சில் பெண்ணின் படிப்பையும் உத்தியோகத்தையும் விசாரிக்கிறவர்கள் கடைசியில் எதைக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று எங்கள் குழுப் பெண்களைக் கேட்டால் ஒரு பகல் முழுக்கச் சொல்வார்கள்.

அப்படிப் பிரித்து வைத்தாலும், பெட்டைகள் ஆண் குதிரைகளோடு ஓடத் தடையில்லை. 1943இல் இந்தியாவில் முதலாவது டேர்பி நடந்தபோது அதை வென்றதே ஒரு பெட்டைதான். பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிபுல். 2010இல் ஜாக்குலின் என்ற பெட்டையும் அதே டேர்பியை வென்றது.

அதே 1943இல், எதிரணியில் நின்று யுத்தம் செய்துகொண்டிருந்த ஜப்பானிலும் டேர்பியை ஒரு பெட்டையே வென்றது என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. ஜப்பானும் குதிரைப் பந்தயமும் எங்களுக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் குண்டுவீசித் தாக்கின. கொழும்பில் அவற்றை எதிர்க்கப் பிரித்தானிய விமானங்கள் மேலெழுந்த இடங்களில் ஒன்று இதே ரேஸ்கோர்ஸ் மைதானம். குதிரை ஓடிய புல்வெளியை விமானப் பாதையாக்கி வைத்திருந்தார்கள்.

ஜப்பானில் பெட்டைக் குதிரைகளுக்கென முக்கியமான மூன்று பந்தயங்கள் உள்ளன. ஏப்ரலில், செர்ரி பூக்கும் காலத்தில், ஹன்ஷின் மைதானத்தில் நடப்பது ‘ஓக்கா ஷோ’. செர்ரிப் பூப் பரிசு என்று பொருள். தூரம் 1600 மீற்றர். மே மாதத்தில் டோக்கியோவில் 2400 மீற்றர் தூரத்துக்கு நடப்பது அவர்களுடைய ஓக்ஸ், ‘யூஷுன் ஹின்பா’. 1996இல் சேர்க்கப்பட்ட ‘ஷுக்கா ஷோ’ ஒக்டோபரில் நடப்பது. மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றவற்றுள் 2018இல் அல்மண்ட் ஐயும் 2023இல் லிபர்ட்டி ஐலண்டும் அடங்கும்.

2007இல் ஒரு பெட்டை ஓக்கா ஷோவில் இரண்டாவதாக வந்தது. தோற்ற பெட்டையை அதன் சொந்தக்காரர் வழக்கம்போலப் பெட்டைகளின் ஓக்ஸுக்கு அனுப்பவில்லை. ஆண் குதிரைகளோடு டேர்பியில் ஓடவிட்டார். அது மூன்று குதிரை நீளத்தால் வென்றது. 64 ஆண்டுகளுக்குப் பிறகு ஜப்பானிய டேர்பியை ஒரு பெட்டை வென்ற சந்தர்ப்பம் அது. அதன் பெயர் வொட்கா. ஆம், சாராய வகைதான். தகப்பன் குதிரைக்கும் ஒரு மதுபானக் கலவையின் பெயர். மகள் அதைவிடக் காரமாக இருக்கட்டும் என்று இந்தப் பெயரை வைத்தார்களாம். குடியால் வீடு கெட்டவர்கள் நிறைந்த எங்கள் கூட்டத்தில் இந்தப் பெயரைச் சொன்னபோது எழுந்த முணுமுணுப்பு அடங்கச் சிறிது நேரம் பிடித்தது.

அந்த டேர்பியில் ஆண் குதிரைகள் 57 கிலோ சுமந்தன, வொட்கா 55 கிலோ சுமந்தது. ஜொக்கியின் உடல் எடையோடு சேணத்தையும் சேர்த்து நிறுத்து, குறைந்தால் ஈயத்தகடு வைத்துச் சரிசெய்வார்கள். இந்த இரண்டு கிலோ இரக்கத்தினால் கொடுக்கப்படுவதல்ல, விதியாக எழுதி வைத்துக் கொடுக்கப்படுவது. 2019 முதல் ஜப்பானில் சாதாரணப் பந்தயங்களில் பெண் ஜொக்கிகளுக்கும் இரண்டு கிலோ குறைத்துக் கொடுக்கிறார்கள். ஓடத் தொடங்குமுன் யார் எவ்வளவு சுமப்பது என்று தராசில் வைத்துப் பார்க்கின்ற ஓர் ஏற்பாடு மனிதக் குடும்பங்களில் இருந்தால், பெண் தலைமை தாங்கும் குடும்பங்களைப் பற்றி நாங்கள் எழுதும் அறிக்கைகள் பாதியாகக் குறைந்திருக்கும்.

வொட்காவுக்கு 64 ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பெட்டையின் பெயர் குரிஃபுஜி. ஓடிய பதினொரு பந்தயங்களிலும் தோல்வியே காணாதது. 1943இல் டேர்பியை ஆறு குதிரை நீளத்தால் வென்றது, அதே ஆண்டு ஓக்ஸையும் வென்றது. டேர்பியில் அதன்மேல் ஏறியிருந்தவர் மயேதா சோக்கிச்சி. வயது இருபது. ஜப்பானிய டேர்பியை அவ்வளவு இளவயதில் வேறெவரும் வென்றதில்லை. யுத்தம் இறுகியபோது பந்தயங்களுக்குச் சனம் வருவது நிறுத்தப்பட்டது. 1945இல் ஓக்கா ஷோவும் இல்லை, டேர்பியும் இல்லை. அதற்கு முன்பே மயேதாவைப் படைக்கு அழைத்துவிட்டார்கள். மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டு, யுத்தம் முடிந்தபோது சோவியத் படையிடம் கைதியாகி, சைபீரியாவின் முகாமொன்றில் 1946 பெப்ரவரியில் இறந்துபோனார். அப்போது வயது இருபத்துமூன்றுதான்.

குரிஃபுஜி கொட்டிலுக்குத் திரும்பிப் பல குட்டிகளை ஈன்றது. ஏறியிருந்த பிள்ளை வீடு திரும்பவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2006இல், சைபீரியாவில் தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் மரபணுப் பரிசோதனையில் அவருடையவை என்று உறுதியாகி, வட ஜப்பானிலுள்ள குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் இவற்றையெல்லாம் சொன்னேன். எங்கள் குழுவில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் இருக்கிறார்கள். தென்னமரவடிப் பக்கம் மீளக்குடியேறியவர்கள் இருக்கிறார்கள். 2009இல் காயக்காரரை ஏற்றிவந்த கப்பலில் புதுமாத்தளனிலிருந்து இறங்கி, இங்கே புல்மோட்டையில் இந்திய மருத்துவர்களின் கூடார ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பியவர்களும் இருக்கிறார்கள். குதிரைக் கதைக்கு இவர்கள் காது கொடுப்பார்களா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. வொட்காவின் கதைவரை நன்றாகச் சிரித்தார்கள். “பெட்டைக் குதிரை எண்டாலும் பெட்டை பெட்டைதான்” என்று ஒருவர் சொன்னார்.

வயதில் மூத்த ராத்தா ஒருவர் கேட்டார்: “வெண்ட குதிரைக்கு என்ன குடுப்பாங்க மிஸ்?”

ஜப்பானில் பரிசுப் பணத்தில் நூற்றுக்கு எண்பது சொந்தக்காரருக்கு, பத்துப் பயிற்றுநருக்கு, ஐந்து ஜொக்கிக்கு, ஐந்து குதிரையைக் குளிப்பாட்டிப் பராமரிப்பவருக்கு என்று சொன்னேன்.

“அது சரி. குதிரைக்கு?”

“புல்லுத்தான் ராத்தா.”

“சூது ஹராம் எண்டு சும்மாவா சொல்லியிருக்கு,” என்றார் ராத்தா. பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண் பாஞ்சாலியின் கதையை எடுத்தார். தருமன் நாட்டை வைத்தான், தம்பிமாரை வைத்தான், தன்னையும் வைத்தான், கடைசியில் அவளையும் வைத்தான். வைக்க அவனுக்கு என்ன உரிமை என்று சபையில் கேட்டவள் அவள்தான். பாண்டிருப்பிலே திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிக்கிறவர்கள் இருக்கும் மாகாணத்தில் அந்தக் கேள்வியை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சீட்டைக் கொண்டுவந்த சகோதரி தலைகுனிந்து இருந்தார். பிறகு, “வாற கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றார்.

கூட்டிக்கொண்டும் வந்தார். மனிதர் கெட்டவரல்ல. ஒரு தடவை இரண்டாயிரம் கட்டிப் பதினோராயிரம் எடுத்திருக்கிறார். அந்தப் பதினோராயிரத்தைத் திரும்பப் பிடிக்கத்தான் மற்றதெல்லாம் போனது. முதலில் வென்றவர்தான் கடையை விட்டு எழும்பமாட்டார் என்பதைக் கள வேலையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். தோற்பதிலும் பெயரெடுத்த ஒரு குதிரை ஜப்பானில் இருந்தது, ஹரு உராரா. 113 பந்தயங்கள் ஓடி ஒன்றிலும் வெல்லாத பெட்டை. 2004 மார்ச்சில் நாட்டின் தலைசிறந்த ஜொக்கியான தாக்கே யுத்தாக்கா ஏறியும் பதினொன்றில் பத்தாவதாகவே வந்தது. சனம் அதன் சீட்டை வெல்வதற்காக வாங்கவில்லை. சீட்டு ‘அடிக்காது’ என்பதால் வாகனமும் அடிக்காது என்று தாயத்துப் போல வைத்துக்கொண்டார்கள். அந்தக் குதிரை 2025 செப்டெம்பரில் இறந்தது. இதை அவரிடம் சொன்னபோது, “அப்ப நானும் அந்தக் குதிரைக்குத்தான் கட்டியிருக்கிறன்,” என்றார். மனைவி சிரிக்கவில்லை.

குழு எடுத்த முடிவு இது. பதினெட்டாயிரத்தைக் கிழமைக்கு ஆயிரம் வீதம் அவர் தன் மீன் காசிலிருந்து கட்ட வேண்டும். கருவாட்டு வருமானத்தில் கைவைக்கக் கூடாது. கடன் கொப்பி மனைவியிடமே இருக்கும். கணவர் கையொப்பமிட்டார். இந்தக் கட்டுரையை எழுதும்வரை ஒன்பது கிழமை ஒழுங்காக வந்திருக்கிறது, ஒரு கிழமை கடல் கொந்தளிப்பென்று தவறியது. அந்தப் பந்தயச் சீட்டைச் சாட்சியாகக் கொப்பியிலே ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். முதல் நாள் மயேதாவின் கதையைச் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. எங்களுக்கு வடக்கே, கொக்கிளாய்க் களப்பின் அந்தப் பக்கம், கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் எலும்புகள் வெளிப்பட்டதும், அகழ்வில் 52 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டதும் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் ஒருவர் அதுவரை வாய் திறக்காமல் இருந்தார். அவர் கேட்டார்:

“எலும்பை ஆரோட ஒப்பிட்டுப் பாத்தவை?”

“இரத்த உறவுக்காரரோட அம்மா.”

“தாய் இருந்தவவோ?”

“அறுபது வருசம் எல்லோ அம்மா.”

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பி வந்தார். “அந்தக் குதிரையில ஓடின பொடியன்ர பேரை ஒருக்கா எழுதித் தாங்கோ பிள்ளை.”

மயேதா சோக்கிச்சி என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்தார். மடித்து, மகனுடைய அடையாள அட்டைப் பிரதி இருக்கும் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.